கல்லில பேர், வெயிலில சனம்

தீவகத்தில் ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கறுப்புக் கல். ஆர் நிதி தந்தது, ஆர் அடிக்கல் நாட்டினது, ஆர் நாடா வெட்டினது, எந்தச் சுபவேளையில் வெட்டினது எல்லாம் அதில் பொன்னெழுத்தில் கிடக்கும். அந்தக் கட்டடத்தை ஆர் பாவிக்கப் போயினம், அவையிட்டை என்ன கேட்டுக் கட்டினது என்ற விபரம் மட்டும் இராது. கேட்டிருந்தால்தானே எழுதுறதுக்கு.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எங்களில் கனபேருக்குத் தீவகத்தில் வேர் கிடக்கு. வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ ஆராவது ஒரு அம்மம்மா இருந்திருப்பா. கட்டடக்கலை படிக்கிறதெண்டால் மொறட்டுவைக்குப் போகவேணும், நாங்கள் போகேல்லை. "பிளானைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" எண்டு கேட்கிறவைக்கு முதலே சொல்லிவிடுறம்: தூணுக்கு எத்தனை மில்லிமீற்றர் கம்பி வைக்கவேணும் எண்டதை நாங்கள் பேச வரேல்லை. வாங்கு எந்த இடத்தில் இருக்கவேணும், பின்னேர வெயில் எந்தப் பக்கத்தால அடிக்கும், இருட்டினாப் பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை எந்த மூலையில் நிற்கப் பயப்படுவாள் எண்டதெல்லாம் பொறியியல் கேள்வி இல்லை. அது அந்த இடத்தில் இருக்கிற சனத்தின்ர கேள்வி. அதைக் கேட்க எவருக்கும் பட்டம் தேவையில்லை.

எங்கட குற்றச்சாட்டு இதுதான். 2009க்குப் பிறகு வடக்கில் கட்டடங்கள் நிறைய எழும்பிவிட்டன. பொது இடம் எழும்பவில்லை. கட்டடம் திறப்பு விழாவுக்காகக் கட்டப்படுது; விழா முடிஞ்ச அடுத்த நாள் அங்க வந்து இருக்கப் போற ஆச்சிக்காகக் கட்டப்படேல்லை. இந்த வித்தியாசம் தீவகத்தில் தெரியிற அளவுக்கு வேற எங்கையும் தெரியாது.

காத்திருக்கிற ஊர்

தீவு வாழ்க்கை எண்டால் காத்திருக்கிற வாழ்க்கை. யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலத்தால் வேலணை, பிறகு வாணர் பாலத்தால் புங்குடுதீவு, அங்கால குறிகட்டுவான் இறங்குதுறை. 30 கிலோமீற்றருக்கு மேல் வந்தாப் பிறகு ரோட்டு முடிஞ்சு கடல் தொடங்குது. நயினாதீவு கிட்ட. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்துறையில் இருந்து படகு. ஊர்காவற்துறையில் இருந்து காரைநகருக்குப் போறதுக்குப் "பாதை". மிதந்து போற ஒரு பெரிய தட்டைத்தான் அங்கத்தைய சனம் பாதை எண்டு சொல்லுறது.

ஆரெல்லாம் காத்திருக்கினம் எண்டு பாருங்கோ. விடியவே வந்து ஏறி மத்தியானத்துக்குப் பிறகு திரும்புற ஆசிரியர்மார். பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போற நீரிழிவுக்காரர். மாதம் நிறைஞ்ச கர்ப்பிணி. பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்க மினக்கெடுற அப்பு. மரக்கறி மூட்டையோட யாவாரி. சோளகம் கிளம்பினால், வாடைக்காத்து இறுகினால், படகு பிந்தும் அல்லது நிற்கும். அண்டைக்கு ஒரு மணித்தியாலம் காத்திருந்த சனம் அஞ்சு மணித்தியாலம் காத்திருக்கும். நயினாதீவில் ஆனித் திருவிழா நடக்கிற நாட்களில் அம்மனிட்டைப் போற அடியார் கூட்டத்துக்கும் நாகவிகாரைக்கு வாற தெற்குச் சனத்துக்கும் நடுவில, அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவை தங்கட வீட்டுக்குப் போக வரிசையில் நிற்பினம்.

அப்ப தீவகத்தின்ர மிக முக்கியமான பொதுக் கட்டடம் எது? பொதுநோக்கு மண்டபம் இல்லை, அலங்கார வளைவும் இல்லை. படகுக்குக் காத்திருக்கிற இடம். ஒரு கட்டடக்கலைஞன் தன்ர முழு மூளையையும் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். நிதித் திட்டங்களில் கடைசி வரியில் கிடக்கிறதும் அதுதான்.

இந்தக் கடலில் படகு வெறும் வாகனமும் இல்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தை, பொம்பிளை, முதியவர் எண்டு பாராமல் 30க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகு திருத்தப்பட்டு அதே கடலில் அதே சனத்தை ஏத்திக்கொண்டு பிறகும் ஓடினது. நெடுந்தாரகையும் வடதாரகையும் வந்தாப் பிறகும் குமுதினி எண்ட பேரைத்தான் நெடுந்தீவார் நெஞ்சில் வைச்சிருக்கினம். இவ்வளவு துக்கத்தைச் சுமந்த ஒரு பயணத்தின்ர வாசலில், அந்தச் சனம் மரியாதையோட குந்தி இருக்க ஒரு நிழல், ஒரு வாங்கு, பொம்பிளைகளுக்குப் பூட்டக்கூடிய கதவோட ஒரு மலசலகூடம், குடிக்கத் தண்ணி, இரவில் ஒரு வெளிச்சம் இருக்கவேணும் எண்டு கேட்கிறது ஆடம்பரமா?

தீவகத்து இறங்குதுறை ஒண்டில் நாங்கள் ஒரு முழுநாள் நின்று பாத்தம். எந்தத் துறை எண்டு சொல்லேல்லை, ஏனெண்டால் ஒரு அலுவலகத்தை மட்டும் பிடிச்சு ஏசுறது எங்கட நோக்கமில்லை. படகின்ர விளிம்புக்கும் துறையின்ர தளத்துக்கும் நடுவில் ஒரு முழப் பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கடக்கிறதுக்கு அங்க இருந்த வசதி, பக்கத்தில் நிக்கிற மனிசரின்ர கை. ஆச்சியின்ர கையை ஆரோ ஒரு பொடியன் பிடிச்சு இழுக்கிறான், பின்னால இன்னொருத்தர் இடுப்பில் தாங்கிறார். எங்கட சனத்தின்ர நல்ல மனசு எண்டு இதைப் பாராட்டலாம். நாங்கள் பாராட்ட மாட்டம். ஒரு மரப்படியும் கைபிடியும் செய்யவேண்டிய வேலையை நல்ல மனசு செய்யுது. காலில்லாத முன்னாள் போராளி ஒருத்தர் நாளுக்கு இரண்டு தரம் ஆரோ ஒருத்தரின்ர நல்ல மனசை நம்பி இருக்கவேணும் எண்டால் அது அவருக்கு அவமானம், எங்களுக்கும் அவமானம்.

இது சட்டத்தில் இல்லாத விசயமும் இல்லை. வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. அதன் கீழ் பொதுக் கட்டடங்களுக்கு எல்லாரும் அணுகக்கூடிய வசதி வேணும் எண்டு 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளை போட்டது. சட்டம் கொழும்பில் கரை இறங்கி இத்தனை வருசமாச்சு. குறிகட்டுவானுக்கு அது இன்னும் முழுசா வந்து சேரேல்லை.

சுமைதாங்கியும் மடமும்

இதெல்லாம் வெளிநாட்டுச் சிந்தனை, எங்களுக்குப் புதுசு எண்டு ஒருத்தரும் சொல்லவேண்டாம். யாழ்ப்பாணத்து ரோட்டோரங்களில் இன்னும் அங்கங்க நிக்கிற சுமைதாங்கியைப் பாருங்கோ. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கால வைச்சிருக்கும், அவ்வளவுதான். ஆனால் உயரத்தைக் கவனிக்கவேணும். தலையில் பாரம் சுமந்து தனிய வாற ஒருத்தர், ஆற்றையும் உதவி இல்லாமல், குனியாமல், பாரத்தை அப்படியே சரிச்சு வைக்கவும் பிறகு அப்படியே தலைக்கு எடுக்கவும் ஏலக்கூடிய உயரம். மனிச உடம்பை அளந்து செய்த வேலை அது. பிள்ளை வயித்தில் இருக்கேக்க இறந்துபோன பெண்ணின்ர நினைவாகச் சுமைதாங்கி வைக்கிற வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு பாரத்தின்ர நினைவு, வழியில் போற எல்லாருக்கும் பாரம் இறக்கிற இடமானது. இதைவிட ஒரு நினைவுச்சின்னத்தை எந்தக் கட்டடக்கலைப் பள்ளி சொல்லித்தரும்?

பக்கத்தில் ஒரு கேணி. மனிசருக்குப் படி, மாடுகளுக்குச் சரிவு. கரையில் மாடு உடம்பு உரஞ்சுறதுக்கு ஆவுரஞ்சிக்கல். வீட்டு வாசலில் சங்கடப்படலை: படலைக்கு மேல ஒரு சின்னக் கூரை, பக்கத்தில் குந்தி இருக்க இடம், வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இண்டைக்கும் நிக்குது. ரோட்டின்ர இரண்டு பக்கமும் கல்லுத் தூணும் திண்ணையும், ரோட்டுக்கு மேலாலேயே கூரை. நடந்து போறவர் மடத்துக்குள்ள போகத் தேவையில்லை, போற வழியே மடத்துக்குள்ளால போகுது. நயினாதீவில் அமுதசுரபி அன்னதான மண்டபம், கடல் கடந்து பசியோட வாற சனத்தை இருத்திச் சோறு போடுது. நெடுந்தீவில் முருகைக்கல் வேலிகள்: சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லுக்கு மேல கல் அடுக்கினது. கல்லிடைவெளியால காத்துப் போகும், அதனால சோளகம் வேலியைத் தள்ளி விழுத்தாது. விழுந்தாலும் அதே கல்லை வீட்டுக்காரரே திரும்ப அடுக்கலாம்.

கடலில் போய் முருகைக்கல்லைத் தோண்டுங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்லை. அதைச் சட்டம் தடுக்குது, தடுக்கவும் வேணும். சொல்லவாறது வேற. அந்த வேலியைக் கட்டினவருக்குத் தெரிஞ்சிருந்தது காத்து எந்தப் பக்கத்தால வரும், உப்பு என்ன செய்யும், உடைஞ்சால் ஆர் திருத்துவார் எண்ட மூண்டும். இண்டைக்குப் பிளான் கீறுறவர் இந்த மூண்டில் ஒண்டையும் கேட்கிறதில்லை.

ஆனால் இதை எழுதிவிட்டு "எங்கட முன்னோர் எவ்வளவு பெரியவர்கள்" எண்டு முடிக்க எங்களால ஏலாது. அந்த மடத்துத் திண்ணையில் ஆர் இருக்கலாம் எண்டும் ஒரு விதி இருந்தது. அந்தக் கேணியில், கிணத்தில் ஆர் தண்ணி அள்ளலாம் எண்டும் விதி இருந்தது. யாழ்ப்பாணத்தில் "பொது" எண்ட சொல் நீண்டகாலமாகப் பொய்ச் சொல்லாகத்தான் இருந்தது. பாடசாலையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருத்தாமல் நிலத்தில் இருத்தின ஊர் இது. 1930ஐ ஒட்டின வருசங்களில் சமாசனம் வேணும் எண்ட கோரிக்கை எழும்பினபோது, அதுக்கு எதிராகப் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. வெறும் ஒரு வாங்குக்காக! 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தாப் பிறகும், தேத்தண்ணிக் கடையில் சமமா இருந்து குடிக்கிறதுக்கும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலைத் தாண்டுறதுக்கும் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அடி வாங்கிப் போராட வேண்டி இருந்தது.

ஆகவே ஆரோ ஒரு பெரியமனிசர் மடம் கட்டித் தந்தது எங்களுக்குப் போதிய முன்னுதாரணம் இல்லை. ஆர் இருக்கலாம், ஆர் நிக்கவேணும் எண்டதை ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு வாங்கும் தீர்மானிக்குது. அதைத் தனிய ஒரு உபயகாரரோ ஒரு அதிகாரியோ தீர்மானிக்க விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட சொந்த வரலாறே சாட்சி. இண்டைக்கும் கனக்க ஊர்களில் சனசமூக நிலையம் ஆம்பிளைகளின்ர பேப்பர் படிக்கிற இடமாகவும், மைதானம் பொடியங்களின்ர இடமாகவும்தான் கிடக்கு. பெட்டையள் கூடி இருந்து கதைக்கிறதுக்கு எண்டு ஊரில் ஒரு பொது இடத்தைக் காட்டுங்கோ பாப்பம். கோயில் வீதியைத் தவிர ஒண்டும் தேறாது.

பிளான் எப்படிப் பிறக்குது

ஒரு கெட்ட கட்டடம் கெட்ட மனிசரால் வாறதில்லை. அது ஒரு நடைமுறையால் வருது. நிதி வருச நடுவில் ஒதுக்கப்படும், டிசெம்பருக்குள்ள செலவழிச்சுக் கணக்குக் காட்டவேணும், இல்லாட்டில் காசு திரும்பிப் போயிடும். புதுப் பிளான் கீற நேரமில்லை. அதனால லாச்சிக்குள்ள கிடக்கிற பழைய மாதிரிப் பிளான் வெளியில் வரும். வவுனியாவில் கட்டின அதே மண்டபம் நெடுந்தீவிலும் எழும்பும். அதே சதுரப் பெட்டி, அதே அலுமினியக் கண்ணாடி யன்னல், அதே வழுக்குற ரைல்ஸ், அதே தகரக் கூரை.

உப்புக் காத்து வருசம் முழுக்க அடிக்கிற இடத்தில் கொங்கிறீற்றுக்கு என்ன நடக்கும் எண்டது ஒண்டும் மர்மம் இல்லை. உப்பு மெல்ல மெல்ல உள்ளுக்கு ஊறி கம்பியைத் தொடும். கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடிச்ச கம்பி ஊதும், ஊதினால் வெளியில் உள்ள கொங்கிறீற் வெடிச்சுப் பொருக்குப் பொருக்கா விழும். கம்பிக்கு மேல உள்ள கொங்கிறீற் மூடாக்கு மெல்லிசா இருந்தால், கலவைக்கு உவர்த்தண்ணி பாவிச்சிருந்தால் இன்னும் கெதியா விழும். நல்ல தண்ணியே பவுசரில் வரவேண்டிய தீவில் கலவைக்கு எந்தத் தண்ணி பாவிச்சது எண்டு ஆர் நிண்டு பாத்தது?

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தீவில், பேரை விடுவம், ஒரு பொதுநோக்கு மண்டபம் வருசத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கு. மத்தியானம் உள்ளுக்கு இருக்க ஏலாது, தகரம் அனல் கக்கும். காத்தாடி போட்டால் கரண்ட் பில்லை ஆர் கட்டுறது எண்ட பிரச்சினை. அதனால மாதர் சங்கக் கூட்டம் எங்க நடக்குது தெரியுமோ? மண்டபத்துக்குப் பக்கத்தில் நிக்கிற வேப்ப மரத்துக்குக் கீழ. கட்டடத்தைப் பற்றி அந்தச் சனம் சொன்ன விமர்சனம் அதுதான், ஒரு சொல்லும் பேசாமல்.

இந்த நடைமுறையின்ர உச்சத்தை 2016 இல் பாத்தம். வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள், ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா, ஆர்செலர் மிட்டல் எண்ட பன்னாட்டு உருக்குக் கம்பனி. வெக்கையிலும் உப்பிலும் வாழுற சனத்துக்கு இரும்பு வீடு. விறகு அடுப்பில் சமைக்கிற குடும்பத்துக்கு ஒழுங்கான அடுப்படி இல்லாத வீடு. அதில் அரைவாசிச் செலவில் கல்வீடு கட்டலாம், அந்தக் காசு இங்கத்தைய மேசனுக்கும் தச்சருக்கும் போகும் எண்டு இங்கத்தைய படிச்ச சனமே எழுதிச்சுது, சிவில் அமைப்புகள் எதிர்த்து நிண்டன. அந்தத் திட்டம் நினைச்ச மாதிரி நடக்கேல்லை. எதிர்ப்பு வென்றது எண்டதை நாங்கள் மறக்கக்கூடாது.

அதுக்கு முதல் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் காசு பயனாளியின்ர கையில் கட்டம் கட்டமா வந்தது, வீட்டுக்காரரே நிண்டு கட்டினார்கள். 5,50,000 ரூபா காணாமல் கனக்கக் குடும்பம் கடன்பட்டது உண்மை, அதை மூடி மறைக்கேல்லை. ஆனாலும் அறை எங்க வரவேணும், சாமியறை எங்க, கிணத்தடிக்கு வாசல் எந்தப் பக்கம் எண்டதில் வீட்டுக்காரியின்ர வாய்ச்சொல் இருந்தது. இரும்பு வீட்டில் அது இல்லை. வித்தியாசம் அங்கதான்.

கேட்டுக் கட்டினவர்கள்

கேட்டுக் கட்டுறது நடக்கிற காரியமோ எண்டு கேட்பினம். இந்த நாட்டிலேயே நடந்திருக்கு. மின்னெற் டி சில்வா, இலங்கையின்ர முதல் பெண் கட்டடக்கலைஞர், 1950களின் பிற்பகுதியில் கண்டி வத்தப்புலுவையில் அரசாங்க ஊழியருக்கான வீட்டுத்திட்டம் செய்தார். பிளான் கீறுறதுக்கு முதல் குடியேறப் போற குடும்பங்களிட்டை வினாக்கொத்துக் குடுத்தார். எத்தனை பேர், என்ன சமயம், எப்படிச் சமைப்பீர்கள், எவ்வளவு காசு இருக்கு எண்டு கேட்டு, அதுக்கு ஏற்ற மாதிரிப் பல வகை வீடுகளை வடிவமைச்சார். கணினியும் இல்லாத காலம் அது. பிளானை லாச்சிக்குள்ள இருந்து எடுத்துக் குடுக்கிற எங்கட காலத்தை என்ன சொல்லுறது?

ஆபிரிக்காவில் புர்க்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில், அந்த ஊரிலேயே பிறந்த பிரான்சிஸ் கெரே 2001 இல் ஒரு பாடசாலை கட்டினார். ஊர்ச் சனமே மண் குழைச்சுக் கல் அறுத்தது. தகரக் கூரைதான் போட்டார், ஆனால் களிமண் கல்லால் ஒரு கூரைத்தட்டு அமைச்சு, அதுக்கு மேல இடைவெளி விட்டுத் தகரத்தை உயர்த்தினார். சூடு தகரத்துக்குக் கீழாலேயே காத்தோட வெளியேறிப் போகுது, வகுப்பறைக்குள்ள இறங்காது. காத்தாடி தேவையில்லை. 2022 இல் அவருக்குக் கட்டடக்கலையின்ர அதியுயர் விருதான பிரிட்ஸ்கர் கிடைச்சது. எங்கட அந்த மண்டபத்தின்ர தகரமும் இதே தகரம்தான். குறைஞ்சது பணம் இல்லை.

நல்ல மனசு மட்டும் போதாது எண்டதுக்கும் ஒரு கதை இருக்கு. எகிப்தில் ஹசன் பாத்தி 1940களில் லக்ஸருக்குப் பக்கத்தில் புதிய குர்னா எண்ட ஊரை மண்கல்லால் கட்டினார். மிக வடிவான ஊர், உலகம் முழுக்கப் புகழ்ந்தது. ஆனால் பழைய குர்னாச் சனம் அங்க போக மறுத்தது. அவையின்ர பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. இடம்பெயர விருப்பமோ எண்டு அரசாங்கம் அவையிட்டைக் கேட்கேல்லை. எங்கட மீனவச் சனத்தைக் கடலில் இருந்து தள்ளிக் குடியேத்துற ஒவ்வொரு திட்டக்காரரும் இந்தக் கதையை ஒருக்கால் வாசிக்கவேணும்.

சொல்லப்போற மறுப்புகள்

முதல் மறுப்பு: காசில்லை. பொய். கோபுரத்துக்கும் அலங்கார வளைவுக்கும் புலம்பெயர் காசு வாறதை எல்லாரும் காணுறம். 2025 செப்ரெம்பர் 1 அன்று மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு சனாதிபதியே வந்து வேலையைத் தொடக்கி வைச்சார். ஈரநிலத்துக்கும் கண்டலுக்கும் என்ன நடக்கும் எண்டு சூழலியலாளர் கேட்ட கேள்விகள் ஒரு பக்கம். நாங்கள் கேட்கிறது இன்னொண்டு: அந்த மைதானத்தைத் தாண்டித்தான் தீவகத்துச் சனம் தினமும் போய்வருது. அதன் செலவில் ஒரு துளி, ஆறு இறங்குதுறைகளுக்கு நிழலும் படியும் மலசலகூடமும் தரும். கிரிக்கெட்டுக்கு நாங்கள் எதிரி இல்லை, எங்களில் பாதிப்பேர் விளையாடுறனாங்கள்தான். வரிசையில் ஆர் முதல் எண்டதுதான் கேள்வி.

இரண்டாவது: சனமே இல்லையே, ஆருக்குக் கட்டுறது? 1990களின் தொடக்கத்தில் தீவகம் வெறுமையானதும், புங்குடுதீவின்ர வீடுகள் பாரிசையும் ரொறன்ரோவையும் பாத்துக்கொண்டு பூட்டிக் கிடக்கிறதும் உண்மை. ஆனால் காரணத்தையும் விளைவையும் மாத்திப் போடக்கூடாது. கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவேணும் எண்டால் இளம் குடும்பம் நெடுந்தீவில் ஏன் இருக்கப்போகுது? சனம் இல்லை எண்டு வசதி செய்யாமல் விட்டால், வசதி இல்லை எண்டு இருக்கிற சனமும் போயிடும்.

மூண்டாவது: முதலில் தண்ணியும் தொழிலும், வடிவெல்லாம் பிறகு. நாங்கள் பேசுறது வடிவைப் பற்றி இல்லை. மழைத்தண்ணி சேர்க்கிற கூரையோட ஒரு காத்திருப்பு மடம் கட்டினால் அது தண்ணித் திட்டம். பனை மரத்துத் தீராந்தியும் ஓலைத் தட்டியும் பாவிச்சால் அது தொழில் திட்டம். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள்ள நிக்கிற கடற்கோட்டையைக் கடற்படை விடுதியாக நடத்துது. உல்லாசப் பயணிக்கு அறை தயார். கரையில் பாதைக்காகக் காத்து நிக்கிற சனம் அதைப் பாத்துக்கொண்டு நிக்குது. பொது மரபுரிமை ஆரின்ர கையில், ஆரின்ர வசதிக்கு எண்ட கேள்வியை வடிவுக் கேள்வி எண்டு தள்ளிவிட ஏலாது.

நாங்கள் கேட்கிறது

ஒண்டு: தீவகத்தில் எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் பிளான் கீறுறதுக்கு முதல், அந்த இடத்திலேயே, படகு நேரத்துக்கு ஏற்ற மாதிரி, பாவிக்கிற சனத்தோட கூட்டம் வைக்கவேணும். அதில் பொம்பிளைகளும் மாற்றுத்திறனாளிகளும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் இருக்கவேணும், சங்கத் தலைவர்மார் மட்டும் காணாது. இரண்டு: பிளானும் செலவு மதிப்பீடும் தமிழில், எல்லாருக்கும் விளங்கிற மாதிரி, பிரதேச சபையின் வாசலிலும் இறங்குதுறையிலும் ஒட்டப்படவேணும். மூண்டு: அஞ்சு வருசப் பராமரிப்புக்குக் காசு ஒதுக்காத எந்தக் கட்டடத்துக்கும் அடிக்கல் நாட்டக்கூடாது. நாலு: புதுசா எதைக் கட்டுறதுக்கும் முதல் இறங்குதுறைகளைத் திருத்தவேணும். நிழல், வாங்கு, படி, கைபிடி, தண்ணி, வெளிச்சம், பூட்டக்கூடிய மலசலகூடம்.

2023 மார்ச்சில் சபைகளின்ர காலம் முடிஞ்சு, இரண்டு வருசத்துக்கு மேல் கேட்கிறதுக்கே ஒரு உறுப்பினர் இல்லாமல் இருந்தம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு வேலணையிலும் ஊர்காவற்துறையிலும் நெடுந்தீவிலும் திரும்பவும் தெரிவு செய்யப்பட்ட சபைகள் இருக்கு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கு. அந்தச் சட்டத்தின் கீழ் உங்கட ஊர் மண்டபத்தின்ர பிளானைக் கேட்டு ஒரு கடிதம் எழுத ஒரு தாளும் ஒரு பேனையும் போதும். நாங்கள் எழுதத் தொடங்கியிட்டம். எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு நாங்களே எழுதித் தாறம், கையெழுத்தை மட்டும் அவை வைக்கட்டும்.

நிதி தாறவை பேர் போடவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. போடுங்கோ, பொன்னெழுத்திலேயே போடுங்கோ. ஆனால் அந்தக் கல்லை நிமிர்த்திச் சுவரில் பதிக்காமல், முழங்கால் உயரத்தில் படுக்கப் போட்டு, மேல ஒரு கூரையும் கட்டிவிடுங்கோ. படகு வருமட்டும் சனம் அதில் இருக்கட்டும்.